ஸ்பீக்கரில் அடித்த தப்பு

பல்கலைக்கழகத்தில் புதிய ஊடகக் கலை படிக்கிறேன். சிறப்புப் பட்டத்தின் இறுதி ஆண்டில் ஒரு படைப்பைத் தனியாகச் செய்து காட்ட வேண்டும். அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் சத்தங்களை ஓர் இருட்டறையில் ஒலிக்க விடுவது என் திட்டம்.

தோட்டத்தில் யாராவது இறந்தால் தப்பு மேளம் அடிப்பார்கள். மலையில் கொழுந்து பறிப்பவர்கள் அதைக் கேட்டு இறங்கி வருவார்கள். ஒரு சாவு வீட்டில் அதைப் பதிவு செய்திருந்தேன். விடுமுறையில் வந்தபோது நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு தூரம் கேட்கும் என்பது மட்டுந்தான் என் யோசனை.

மலையிலிருந்து முதலில் ஓடி வந்தவர் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி அக்கா. அவர் கணவர் பல மாதமாகப் படுத்த படுக்கை. தலையில் அடித்துக்கொண்டே அக்கா உள்ளே போனார். கணவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எனக்குத்தான் அடிக்கிறாங்கன்னு நெனச்சேன் செல்வி," என்றார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "சொல்லிட்டுப் போட்டிருக்கலாமே புள்ள," என்றார்.

மறுநாளிலிருந்து தினமும், மலைக்குப் போகிறவர்களிடம் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் போட்டேன். யாரும் இறங்கி வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் செல்வி அக்காவின் கணவர் இறந்துபோனார். தப்பு அடித்தார்கள். என் ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்தது. வெகுநேரமாகியும் மலையிலிருந்து ஒருவரும் வராததால் நானே ஏறிப் போனேன்.

செல்வி அக்கா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"இன்னைக்கித்தான் நெசமா அடிக்கிற மாதிரியே கேக்குது புள்ள," என்றார்.