தூரத்து ஹோட்டலைத் தெரிந்தெடுத்தது நான்

என் முதலாளியம்மா சின்யோரா அல்ல. நான்! அந்த ஓகஸ்ட் மாதம் தூரத்து ஹோட்டலைத் தெரிந்தெடுத்தது நான்தான். என் மகள் தர்சினி பெரியபிள்ளையான நேரத்தில் அவள் பக்கத்தில் நான் இல்லாமற்போனதற்கு வேறு ஒருவரும் காரணமில்லை.

உங்கள் முகம் மாறுகிறது, எனக்குத் தெரியும். மாறட்டும். இத்தனை வருடமாக இந்த இத்தாலியத் தீவில், பலெர்மோவில் இருக்கிற எங்கள் சனம் முழுவதும் எனக்காகப் பரிதாபப்பட்டுவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டுகிறது. நீங்களாவது என்னைத் திட்டுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில், நோட்டரி ஒருவரின் விதவையான சின்யோராவின் வீட்டில் தங்கி வேலை செய்தேன். சமைப்பது, துடைப்பது, அவரைக் குளிப்பாட்டுவது எல்லாம் என் வேலை. பன்னிரண்டு வயது மகளை அங்கே கூட வைத்திருக்க முடியாது. கன்னியர் மடத்து விடுதியில் விட்டிருந்தேன். சைவப் பிள்ளை காலையும் மாலையும் செபம் சொல்லிக்கொண்டு வளர்ந்தாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் எனக்கு விடுமுறை. அந்த நேரங்களில் மட்டுமே நான் அவளுக்குத் தாய். அவளுடைய தகப்பன் சண்டையில் பாதை பூட்டுப்பட்டு யாழ்ப்பாணத்தில் நின்றார்.

அந்த வருடம் சின்யோராவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. ஓகஸ்ட் முழுவதும் கடற்காற்றுப் படும் இடத்தில் இருக்கச் சொன்னார் டொக்டர். மிலானில் இருந்த மகன்மார் இரண்டு ஹோட்டல்களின் படப் புத்தகங்களைத் தபாலில் அனுப்பி, எது வேண்டுமானாலும் சரி என்றுவிட்டார்கள். தாயை வந்து பார்ப்பதைவிட அது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

இரண்டும் கடலுக்கு மேலே பாறை விளிம்பில் கட்டிய பணக்கார ஹோட்டல்கள். பெயர்கள் வேண்டாம். ஒன்று மொண்டெல்லோவுக்கு மேலே; பலெர்மோவிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். மற்றது மெசினாவையும் தாண்டித் தீவின் அடுத்த கரையில். ரயிலில் அரைநாள் வேண்டும்.

மொண்டெல்லோதான் என்று நானும் முதலில் நினைத்தேன். தர்சினிக்கும் சொல்லிவிட்டேன். சந்தையில் அவளே தேடி ஒரு மஞ்சள் நீச்சல் உடுப்பு எடுத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மடம் வரைக்கும் நடந்தாள்.

பிறகுதான் சின்யோரா அந்த இரண்டு புத்தகங்களையும் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் விரித்து வைத்தார். நீயும்தான் அங்கே இருக்கப்போகிறாய், நீயே சொல் என்றார். மொண்டெல்லோ என்றால் உன் பிள்ளை உன் விடுமுறைக்கு வந்து குளித்துவிட்டுப் போகலாம், ஹோட்டல்காரரோடு நான் கதைக்கிறேன் என்றும் அவரே சொன்னார். ஆம்... அவரே சொன்னார்! அதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மொண்டெல்லோ ஹோட்டலில் வேலைக்காரப் பெண்களுக்கு நிலவறையில் இடம், உடுப்புத் தோய்க்கிற மெஷின்களுக்குப் பக்கத்தில், ஓர் அறைக்கு நான்கு பேர். முந்திய வருடம் தன் முதலாளியம்மாவோடு போய்வந்த மொரீசியஸ் தமிழ்ப் பெண்ணொருத்தி எனக்கு அதைச் சொல்லியிருந்தாள். தூரத்து ஹோட்டலில் அப்படியில்லை. சின்யோராவின் அறையோடு சேர்ந்தாற்போல ஒரு சிறிய அறை. படத்தில் பார்த்தேன். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், காற்றில் தூக்கிய திரை, அதற்கு அப்பால் கடல்.

ஒரு கட்டிலுக்காகவா என்று கேட்கிறீர்களா?

ஆம், ஒரு கட்டிலுக்காக! பிறந்த வீட்டில் சகோதரிகளோடு பாயில் படுத்தேன். கட்டியபின் மாமியார் வீட்டில் நடு அறையில் படுத்தேன். சின்யோரா வீட்டில் குசினிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் அயன்பெட்டியால் உடுப்பு மினுக்குகிற மேசைக்குக் கீழே காலை நீட்டிப் படுத்தேன். யாரைக் கட்டுவது என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. எந்த நாட்டுக்குப் போவது என்று கேட்கவில்லை. ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடம் பலெர்மோவாக இருந்தது, அவ்வளவுதான். முப்பத்துநான்கு வயதில் முதன்முதலாக ஒருத்தி என் முன்னால் இரண்டை வைத்து, ஒன்றை எடு என்கிறாள். என்னைப் பெற்றவர்கள் கேட்காததை அந்நிய மனுஷி கேட்கிறாள்! எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரத்தோடுதான் எடுத்தேன்.

தூரத்து ஹோட்டல் என்றேன். அந்தப் பக்கத்துக் காற்று உலர்ந்தது, உங்கள் முழங்காலுக்கு நல்லது என்றேன்.

சின்யோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என் முழங்காலுக்கா என்று ஒருமுறை கேட்டார். தலையாட்டினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றே மகனுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குப் போய், சின்யோரா தூரத்து ஹோட்டலைத்தான் விரும்புகிறார், நான் என்ன செய்ய என்று மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. மஞ்சள் உடுப்பை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டாள்.

போனோம். அங்கே என் கட்டிலை வேறொரு பெண் வந்து விரித்தாள்! நானே விரிப்பேன் என்று போராடினேன். அவள் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். காலையில் சின்யோராவுக்கு வந்த தட்டில் எனக்கும் ஒரு கோப்பை கோப்பி இருந்தது. மத்தியானம் சின்யோரா படுத்ததும் நானும் படுத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, கடலைப் பார்த்தபடி, பகலில் உறங்கினேன். மகளை நினைத்தேனா? நினைத்தேன். நினைத்துக்கொண்டே உறங்கினேன். சந்தோசமாக இருந்தேன் என்பதை உங்களிடம் ஒளிக்கப்போவதில்லை.

இதுவரை சொன்னது பாதிதான். மிச்சத்தையும் கேளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை மடத்திலிருந்து டெலிபோன் வந்தது. பிள்ளை பெரிய பெண்ணாகிவிட்டாள், உன்னைக் கேட்கிறாள் என்று கன்னியாஸ்திரி சொன்னார். ஓகஸ்ட் மாதம், மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெரிய மடத்தில் என் பிள்ளை மட்டும்.

விஷயத்தைச் சொன்னதும் சின்யோரா எழுந்து உட்கார்ந்தார். உடனே போ என்றார். கட்டில் விரிக்கிற பெண் என்னைப் பார்த்துக்கொள்வாள் என்றார். மத்தியானம் ரயில் இருக்கிறதா என்று கீழே கேட்டும் வைத்தார்.

நான் போகவில்லை.

வியாழன் என் விடுமுறை, அன்றைக்குப் போகிறேன் என்றேன். எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே, அவசரம் ஒன்றுமில்லை என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்! அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது தெரியுமா? கோபம். பெற்ற பிள்ளைமேல் கோபம். இவ்வளவு காலம் கழித்து ஒரு கட்டில் கிடைத்தது, இதற்குள் கூப்பிடுகிறாளே என்று கோபம். அப்படியும் ஒரு தாய் நினைப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தாள். நான் நினைத்தேன்.

வியாழன் பின்னேரம் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். விறாந்தை வாங்கில் ஒரு பழைய துணியை விரித்து, அதன்மேல் தர்சினி உட்கார்ந்திருந்தாள். தலை சிக்குப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை போட்ட சட்டை. அந்த நாட்களில் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று வயதான கன்னியாஸ்திரி சொல்லியிருக்கிறார். அது அந்த ஊர்க் கிழவிகளின் பயம். இளைய கன்னியாஸ்திரி அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்க் குளி என்றிருக்கிறார். இவள்தான் மறுத்துவிட்டாள். போன வருடம் தன் சிநேகிதியின் சாமத்தியச் சடங்குக்குப் போனவள் அல்லவா... முதல் தண்ணீர் யாராவது வார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மாமி முறையில் ஒருத்தி வார்ப்பாள். மாமி இல்லாத ஊரில் தாயை விட்டால் யார்?

"நான் குளிக்கேல்லை அம்மா. நீங்கள் வந்து தண்ணி வாப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

நான் அவள் தலைச் சிக்கை விரலால் பிரிக்கப் போனேன்.

"ஏன் உடனை வரேல்லை?"

"சின்யோரா விடேல்லை பிள்ளை."

இவ்வளவுதான் அன்றைக்கு நான் சொன்ன பொய். மடத்துக் குளியலறையில் பிளாஸ்டிக் வாளியில் நிரப்பி அவளுக்கு வார்த்தேன். ஓகஸ்ட் வெயிலிலும் பிள்ளை நடுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு என் சேலையைப் பிடித்திருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு அந்தப் பொய் தானாகவே வளர்ந்தது. தகப்பன் வந்து சேர்ந்தபின் மண்டபம் எடுத்துச் சடங்கு வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் சின்யோராவை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவர் என்னை அறையில் போட்டுப் பூட்டினார் என்று ஒருத்தி சொன்னாள். என் வதிவிட அனுமதிப் பத்திரமான பெர்மெஸ்ஸோவைப் பறித்து வைத்திருந்தார் என்று இன்னொருத்தி கதை கட்டினாள். நான் மறுக்கவில்லை. வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை வழக்கம்போல அதே சின்யோராவுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

தர்சினி பதினேழு வயதில் ஒருநாள் அந்த வீட்டுக்கு வந்தாள். சின்யோரா அப்போது படுக்கையில். மருந்துக்கடையில் எடுத்த மருந்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவள், நேரே அறைக்குள் போய்க் கட்டிலடியில் நின்றாள். பலெர்மோப் பிள்ளைகள் பேசுகிற இத்தாலியனில், பெரியபிள்ளையான நேரம் என் அம்மாவை என்னிடம் விடாமல் வைத்திருந்தது நீங்கள்தானே என்று கேட்டாள்.

நான் சூப்புக் கோப்பையோடு வாசலில் நின்றேன். சின்யோரா என்னைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்து, "ஆம், நான்தான்" என்றார். "எனக்கு என் முழங்கால்தான் பெரிதாக இருந்தது."

முழங்கால்! அந்தச் சொல்லை எனக்காகவே பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

தர்சினி கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சின்யோரா, சூப் ஆறிவிடும், கொண்டுவா என்றார். ஊட்டினேன். முழுவதையும் குடித்தார். அதைப்பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அந்த மாரிகாலத்தில் அவர் செத்துப்போனார். செத்தவீட்டுக்கு என் வீட்டிலிருந்து நான் மட்டும் போனேன்.

நீங்கள் அவரை நல்லவர் என்பீர்கள். எனக்கோ இன்றுவரை அவர்மேல் ஆத்திரம் ஆறவில்லை! என் குற்றத்தைத் தூக்கித் தன் தலையில் வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை, உன் தாய்தான் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் மகள் என்னை வெறுத்திருப்பாள். வெறுத்துவிட்டுப் பிறகு ஒருநாள் திரும்பி வந்திருப்பாள்... வராமலும் போயிருப்பாள். எதுவானாலும் அது எனக்கும் அவளுக்கும் இடையில் நடந்திருக்கும். இப்போது அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்று வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றது யார்? அதற்கும் அவரைத்தான் ஏசுகிறேன், பார்த்தீர்களா!

தர்சினிக்கு இப்போது இருபது வயது. பயண முகவர் கடையொன்றில் வேலை செய்கிறாள். வருகிறவர்களுக்கு ஹோட்டல் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த இரண்டு ஹோட்டல்களின் படப் புத்தகங்களும் அவள் மேசையிலேயே இருக்கின்றன. எது நல்லது என்று யாராவது கேட்டால் மொண்டெல்லோவைத்தான் சொல்வாளாம். மற்றதன் புத்தகத்தை அடியில் தள்ளிவிடுவாளாம். என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

போன மாதம் தன் சம்பளத்தில் மொண்டெல்லோ ஹோட்டலில் இரண்டு நாட்களுக்கு அறை எடுத்துவிட்டு வந்து நின்றாள். எனக்கும் தனக்கும். நிலவறையில் இல்லை, மேலே, கடல் பக்கம்.

"இந்த முறை ஒருத்தரும் எங்களைப் பிரிக்க ஏலாது அம்மா."

வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனேன்.

காலையில் அவள் கடலில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, பல்கனியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே பாறையில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் கேட்காததைக் கேட்டாள்.

"அம்மா, அந்த ஹோட்டல் எப்பிடி? இதைவிட வடிவோ?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வாயும் திறந்தது.

"எனக்கு என்ன தெரியும் பிள்ளை? நான் அங்கை கடலைப் பாத்தனானே? வேலைக்குத்தானே போனனான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். எனக்காக அழுதாள்! நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

அதுதான் வடிவு. இதைவிட எவ்வளவோ வடிவு. இன்றைக்கும் அந்த இரண்டு புத்தகங்களையும் என் முன்னால் விரித்து வைத்து எது என்று கேட்டால், அந்த வெள்ளைக் கட்டில்தான் முதலில் என் கண்ணில் படும்.