மார்கிட் அம்மாவை டீக்கு அனுப்பியவர்

என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பனுக்குப் பால்காரர் மேல் சந்தேகம், பஸ் கண்டக்டர் மேல் சந்தேகம், டி.வி.யில் மழை வரும் என்று சொல்கிறவர் மேலும் சந்தேகம். ஆனால் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை எரிக்கிறவர்களில் அவர் கைதேர்ந்தவர். அதை இல்லையென்று சொல்ல முடியாது. அவர் சுட்டெடுத்த பீங்கான் விளக்கில் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னும்.

அதற்குக் காரணம் கடைசிக் கட்டம். பூச்சு உருகியதும் தீயைக் குறைத்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைத்து, பிறகுதான் அணைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு நேரம் பிடிப்பது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளியின் மச்சானுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். மறுமாதமே இவரை நிறுத்திவிட்டு மச்சானைப் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்குக்கு விளிம்பு தேய்க்கிற எனக்குக்கூடச் சொன்னதில்லை. கேட்டால், "ஒனக்கு எதுக்கு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவர் இப்போது சூளை எரிக்கிற எங்கள் மகளிர் குழுவின் பட்டறைக்குத்தான் டென்மார்க்கிலிருந்து மார்கிட் அம்மா வந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். பதினோரு மாதம், சம்பளமில்லாத வேலை. பொம்மைக்கு வண்ணம் தீட்டவும், உடையாமல் பெட்டி கட்டவும் சொல்லிக் கொடுத்தார். எங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டு, "வூட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று எங்களைப் போலவே விசாரித்தார்.

"சம்பளம் இல்லாம எவனாவது கடல் தாண்டி வருவானா?" என்றார் இவர்.

டீக்கடை அமீனுதீன் பாய் தன் பங்குக்குத் தூபம் போட்டார். "என் தம்பி குவைத்துக்குப் போனது சம்பளத்துக்கு. இந்தம்மா எதுக்கு வந்துச்சு, சொல்லுங்க?"

போதாக்குறைக்கு மார்கிட் அம்மா எப்போதும் நோட்டும் கையுமாக இருப்பார். சூளை எரியும் நாளில் பக்கத்தில் வந்து நிற்பார். கடைசிக் கட்டம் நெருங்கினால் போதும், "மேடம், பாய் கடையில ஒரு டீ சாப்புட்டு வாங்க" என்று இவர் அனுப்பிவிடுவார். அவரும் சிரித்துக்கொண்டே போவார். திரும்பி வரும்போது சூளை அணைந்திருக்கும். பதினோரு மாதமும் இதே கதைதான்.

அவர் ஊருக்குக் கிளம்பும் நாளிலும் சூளை எரிந்துகொண்டிருந்தது. மாலையில் ரயில். காலையிலேயே இவர் என்னைத் தனியாக அழைத்து, "பொட்டி கட்ட ஒத்தாசை பண்ற மாதிரி போயி அந்த நோட்ட பாரு" என்றார். வெட்கத்தை விட்டுப் பார்த்தேன். அவர் மொழியில் என்னவோ எழுதியிருந்தது. ஓரத்தில் மணிக்கணக்கு, நிமிஷக்கணக்கு. வந்து சொன்னேன்.

"பாத்தியா? நம்ம பொழப்புல கை வெச்சிட்டாங்க" என்றார். முகம் கறுத்துவிட்டது. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இந்தம்மா யாரிடமாவது சொல்லிவிட்டால் இவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

மதியத்துக்கு மேல் குழுத் தலைவி பூங்கோதை மாலை போட்டு, தட்டில் புடவை வைத்துக் கொடுத்தாள். நாங்கள் எல்லோரும் அழுதோம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து இவர், பூச்சு உருகியதா என்று பார்க்க உள்ளே வைத்திருந்த வளையத்தைக் கம்பியால் வெளியே இழுத்தார். அது பளபளத்தது. விடைபெற வந்த மார்கிட் அம்மா அதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே வெளியே நடந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் இவர்.

"டீ சாப்புடண்ணே. நேரம் ஆயிடுச்சில்ல?"

இவரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அதான் நோட்டுல எல்லாத்தையும் எழுதிட்டீங்களே. இன்னும் எதுக்கு டீ?"

மார்கிட் அம்மா மறைக்கவில்லை. "மூணாவது மாசமே தெரியும்ணே. பாய் கடையிலேருந்து பாத்தா சூளைப் பொகை தெரியுது. எப்ப கொறையுது, எப்ப நிக்குதுன்னு பாத்தேன். யாருக்கும் சொல்லல."

"தெரிஞ்சப்புறமும் எதுக்கு எழுந்து போனீங்க?"

"நான் நின்னா ஒங்க கை நடுங்குது."

நோட்டிலிருந்து நாலைந்து தாள்களைக் கிழித்து இவர் கையில் வைத்தார். "போயிட்டு வரேண்ணே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

தாள்களைப் பிடித்தபடி இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தீயைக் குறைக்கவே மறந்துவிட்டார். நான் கத்திக் கூப்பிட்டபோது நேரம் தாண்டியிருந்தது. சூடு தணிந்து மூன்றாம் நாள் திறந்தால், பூச்சு வழிந்து விளக்கெல்லாம் சூளைத் தட்டோடு ஒட்டிக் கிடந்தது.

"என் தப்புதாம்மா" என்று பூங்கோதையிடம் சொல்லிவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயர்க்க உட்கார்ந்தார். பத்து விளக்குக்குமேல் அவரால் பெயர்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா இங்கேருந்து எதையும் எடுத்துக்கிட்டுப் போகல பானு" என்றார். "நாந்தான் ஒண்ணுமே குடுத்தனுப்பல."