திரும்பி வருகிறவர்களுக்கான கோடு

வால்தெரோக்கா ஊர்மன்றத்தில் சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் சதூரியோ மாமா. மேயருக்குச் சம்பளம் கிடையாது. செயலர் வியாழக்கிழமை மட்டும் சோரியா நகரத்திலிருந்து காரில் வந்து போவார். மற்ற எல்லாவற்றுக்கும் மாமாதான். குழாய் உடைந்தால் அவர். கோட்டை மதில் இடுக்கில் அத்திக் கன்று முளைத்தால் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி வெட்டுவதும் அவர். சாவு மணியும் அவர் அடிப்பதுதான்.

"எனக்கு அடிக்கறப்பவாவது கொஞ்சம் நிதானமா அடிங்க மாமா. எப்பவும் சாப்பாட்டுக்கு நேரமான மாதிரியே அடிக்கறீங்க" என்பாள் மதுக்கடை விசி அக்கா.

"நீ செத்தா ஊர்ல சாப்பாடு ஏது? நிதானமாவே அடிக்கறேன்."

ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் ஆடு மேய்த்தவர். பள்ளத்தாக்கில் எந்தப் பாறையில் எந்தப் பாறுக் கழுகு முட்டை வைக்கிறது என்பதுவரை மாமாவுக்குத் தெரியும். கூட்டைக் காட்டச் சொல்லிக் கேமராவோடு வருகிறவர்களிடம் மட்டும், "கழுகா? இங்க எங்க கழுகு?" என்பார்.

ஊரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கியதும், அவர்களை ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது பிடித்து வைக்க மேயர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். மதில் வாசலில் கிளம்பி, சபீனா மரக்காட்டின் வழியாகப் பள்ளத்தாக்கின் விளிம்போடு போய், மலைமேலிருக்கும் மாதா கோயிலைத் தொட்டு, அதே வழியில் திரும்புகிற ஒரு நடைபாதை. வழி முழுக்க அடையாளம் போட வேண்டும். வெள்ளைக் கோடும் அதற்குக் கீழே மஞ்சள் கோடும் இருந்தால் சரியான வழி. பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதே. அந்த வசந்தத்தில் இரண்டு டப்பா பெயின்டோடு மாமா நான்கு நாள் நடந்தார்.

பாதை பிரிகிற இடத்தில் இரண்டு பக்கமும் போட வேண்டும், போகிறவருக்கு ஒன்று, திரும்புகிறவருக்கு ஒன்று. மாமா எல்லாப் பிரிவிலும் அப்படியே போட்டார், ஓநாய்ப் பாறையைத் தவிர. அங்கே போகிறவருக்கு மட்டும் போட்டார். திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஒரு வழி வளைந்து ஊருக்கு இறங்கும். இன்னொன்று ஆட்டுத்தடம், அகலமாக, நேராக, மிதிபட்டு வெளுத்துப் போய்க் கடைசியில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் முடியும். ஆனால் அந்தப் பிரிவில் நின்றால், ஊருக்கு இறங்கும் வழியின் பக்கமாகத் தேவாலயக் கோபுரம் தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் எதற்குக் கோடு என்று மாமா நினைத்தார். எங்கள் ஊரில் யார் போயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்தே வீடு திரும்பியவர்கள் நாங்கள்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், புவியியல், சரகோசாவில். பாதைக்கான துண்டுப் பிரசுரத்தை மேயர் என்னிடம்தான் எழுதச் சொன்னார். ஒரு தடவை முழுதும் நடந்து பார்த்துவிட்டு, 'பாதை முழுவதும் தெளிவாக அடையாளமிடப்பட்டுள்ளது' என்று எழுதினேன். திரும்பும்போது நானும் கோபுரத்தைப் பார்த்தே நடந்திருந்தேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சரகோசாவிலிருந்து அம்பாரோ லிசானா என்ற ஆசிரியை தனியாக வந்தார். விசி அக்கா கடையில் காப்பி குடித்துவிட்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கியது. தேவாலய வாசலில் நின்றாலே கோபுரம் தெரியாத பனி. அவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காவல்படையினர் அவரை ஓநாய்ப் பாறைக்குக் கீழே கண்டெடுத்தார்கள்.

பட்டணத்துச் செருப்போடு வந்தாராம், பனி இறங்குகிறது என்று சொல்லியும் போனாராம் என்று ஊர் பேசியது. செருப்பு நல்ல நடைச் செருப்புதான். பனி இறங்குமென்று யாரும் சொல்லவுமில்லை. உடலை ஊரை விட்டு எடுத்துப்போன மறுநாள், மாமா பெயின்ட் டப்பாவோடு தனியாகப் போய் ஓநாய்ப் பாறையில் திரும்பும் பக்கத்துக் கோட்டைப் போட்டுவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அந்த அம்மாளின் கணவர் வந்தார். ரமிரோ என்று பெயர். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மேயர் மாமாவைக் கூட அனுப்பினார். அங்கே நடந்ததை மாமா பிறகு என்னிடம் சொன்னார். ரமிரோ குனிந்து கோட்டை விரலால் தடவிப் பார்த்தாராம்.

"இவ்வளவு தெளிவா இருக்கே. பனியிலகூட பக்கத்துல வந்தா தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"அப்போ பார்த்துட்டுத்தான் அந்தப் பக்கம் போயிருக்கா."

மாமா பதில் சொல்லவில்லை.

"அன்னிக்குக் காலைல எனக்கும் அவளுக்கும் சண்டை. பொண்ணும் ரெண்டு நாளா அம்மாகிட்ட முகம் கொடுத்துப் பேசல. வழி தவறிட்டாங்கம்மான்னு நான் சொல்லிப் பார்த்துட்டேன், அலோதியா நம்ப மாட்டேங்கறா. நம்மளாலதான் அம்மா போயிட்டாங்கன்னு படிப்பையும் விட்டுட்டு ரூமுக்குள்ளயே கிடக்கறா. இங்க கோடு இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே கார் ஓட்டிட்டு வந்தேன்."

ஊர் வந்து சேர நாற்பது நிமிடம். வாயைத் திறக்க அவ்வளவு நேரம் இருந்தது. ரமிரோ கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மாமா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி நின்றதாக விசி அக்கா சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா ரொட்டித்தூளைப் பூண்டு போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை.

"படிச்சவன் நீதான்டா. ஒரு கடுதாசி எழுதணும்."

விஷயத்தைச் சொன்னார். எழுதினேன்: 'மேற்படி பிரிவில் திரும்பும் திசைக்கான அடையாளம் சம்பவத்தன்று போதிய அளவில் அமைந்திருக்கவில்லை.' நன்றாக வந்துவிட்டதாக நினைத்துப் படித்தும் காட்டினேன்.

"யாரு அமைக்கல?"

"பொதுவா அப்படித்தான் எழுதுவாங்க மாமா."

"கோடு தானா வந்து உட்காராம போயிடுச்சா? நான் போடலன்னு எழுது. அந்தம்மா செத்ததுக்கு அப்புறம் போய்ப் போட்டேன்னு எழுது. அவங்க வீட்டுக்காரர் மூஞ்சிக்கு நேரா கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன்னும் எழுது."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"வேலை போயிடும் மாமா."

"தெரியும். எழுது."

நான்கே வரி. பிரசுரத்தில் நான் எழுதியதும் தவறுதான் என்று ஐந்தாவதாக ஒரு வரியை நான் சேர்த்தேன். படிக்கச் சொல்லிக் கேட்டார், தலையை ஆட்டினார், கையெழுத்துப் போட்டார். உறையின்மேல் அலோதியா என்று பெயரை மட்டும் அவரே எழுதினார்.

கடிதம் போனது ஒரு வாரத்தில் மேயருக்குத் தெரிந்துவிட்டது. மாமாவே போய்ச் சொல்லியிருந்தார்.

"வக்கீலைக் கேக்காம எவனாவது இப்படி எழுதிக் கொடுப்பானா? ஊரையே கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்திட்டீங்களே! செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா?"

"பொண்ணு உசுரோட இருக்குல்ல" என்றார் மாமா.

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மணிக்கயிறு மேயரின் மைத்துனன் கைக்குப் போனது. வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மதுக்கடையில் மாமா வந்து உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போனார்கள். விசி அக்கா மட்டும் வழக்கம்போல ஒயினும் ஒரு துண்டு வறுத்த பன்றித்தோலும் கொண்டுவந்து வைப்பாள். கேலி பேசுவதை அவளும் நிறுத்திவிட்டாள். அதுதான் மாமாவை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில், சனிக்கிழமைப் பேருந்தில் அலோதியா வந்தாள். இருபது வயது இருக்கும். கடை வாசலில் நின்று, "சதூரியோ யாரு?" என்று கேட்டாள். மாமா எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"இடத்தைக் காட்டுங்க."

"நீயும் வாடா" என்றார் என்னிடம். தனியாகப் போக அவருக்குப் பயமாக இருந்தது.

 ஓநாய்ப் பாறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், திரும்பி, ஊர்ப்பக்கம் பார்த்து நின்றோம். தெளிவான வானம். கோபுரம் பளிச்சென்று தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்.

"இதை மறைங்க."

மாமா மேலங்கியைக் கழற்றிக் கோட்டின்மேல் விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அலோதியா உள்ளங்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோபுரத்தை மறைத்தாள். தரையை மட்டும் பார்த்து நடக்கத் தொடங்கினாள். பிரிவில் அவள் கால்கள் தயங்கவேயில்லை. அகலமான ஆட்டுத்தடத்தில் நேராகப் போயின. பத்தடி. இருபதடி. விளிம்புக்கு இன்னும் தூரம் இருந்தது. ஆனாலும் மாமாவின் குரல் உடைந்தது.

"போதும்மா. அங்கயே நில்லு."

அவள் நின்றாள். கையைக் கீழே விட்டாள். எதிரே வெறும் வானமும் அதில் வட்டமிடும் கழுகுகளும்.

"வீட்டுக்கு வர வழின்னு நினைச்சுத்தான் வந்திருக்காங்க" என்றாள். எங்களிடம் சொல்லவில்லை. பிறகு அங்கேயே தைம் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போகப் பார்த்தேன். மாமா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவ்வளவு நேரமும் மேலங்கியை அவர் பாறையிலிருந்து எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து வந்தாள்.

"எடுத்துருங்க." பிறகு, "உங்களை மன்னிக்க நான் வரல" என்றாள்.

"தெரியும்மா."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க கூட வர வேண்டாம்."

வளைந்து இறங்கும் வழியில் அவள் தனியே போனாள். அவள் மதில் வாசலுக்குள் நுழைகிறவரை மாமா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. காற்று குளிர்ந்து அடித்தது. மேலங்கி அவர் கையில்தான் இருந்தது.