பெட்டிக்காரர் தரும் இலவச ஆலோசனை

நூலகத்து மாடியில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்துகொண்டு, சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்குக் காசு வாங்காமல் யோசனை சொல்கிறாராம். யார் சொன்னது என்றால், முடிவெட்டும் கடைக்காரி சொன்னாளாம். அவளுக்கு யார் சொன்னது என்றால், ஈரத் தலையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த யாரோ ஒருத்தி. இப்படி இரண்டு வாய் தாண்டி வந்த செய்தியை ஜிப்பக்காவின் தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கொட்டினாள்.

"சும்மாவாம்க்கா. டீ வேற குடுக்கறாங்களாம்."

"டீ குடுத்து யோசனையும் குடுக்கறாங்கன்னா, டீ நல்லா இருக்காது," என்றாள் ஜிப்பக்கா, வாயில் ஊசியைக் கவ்வியபடி.

"யாருன்னு கேளு முதல்ல. நம்ம பெட்டிக்காரர்."

தையல் மெஷின் நின்றது.

ஜிப்பக்காவுக்கு ஒரு நிஜப்பெயர் உண்டு. ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் அட்டைக்கும் தவிர அது எதற்கும் பயன்பட்டதில்லை. மழைக்கோட்டு தைக்கும் ஃபாக்டரியில் ஜிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒட்டிய பெயர், ஃபாக்டரியை மூடிய பிறகும் உதிரவில்லை. பல் போன ஜிப், பிய்ந்த கைப்பிடி, கழன்ற சக்கரம், நம்பர் மறந்துபோன பூட்டு என்று எதைக் கொண்டுவந்தாலும் சரி பண்ணிக் கொடுப்பாள். சிக்கிக்கொண்ட ஜிப்பில் மெழுகுவத்தித் துண்டை ஒரு தேய் தேய்த்து, ரன்னரைக் குறடால் லேசாக ஒரு அமுக்கு அமுக்கி, "இந்தாங்க, இழுங்க" என்று நீட்டினால், இழுப்பவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி நாலு தடவை இழுத்துப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் அவளுக்கு இடம், கடைவீதியின் மூன்று மாடிப் பயணப்பெட்டிக் கடையில் மாடிப்படிக்குக் கீழே. சூட்கேஸும் பையும் விற்கும் அந்தக் கடையின் முதலாளிதான் பெட்டிக்காரர். அவர் படியேறும்போதெல்லாம் அவள் தலைக்கு மேலே பலகை அதிரும். அவருடைய முகத்தைவிட அவருடைய ஷூவின் குதிகாலை அவள் நன்றாக அறிவாள்; அவருக்கோ அவளுடைய உச்சந்தலைதான் தெரியும். எது சொல்வதானாலும் மேனேஜர் மூலம்தான் சொல்லி அனுப்புவார். ஒரே ஒரு தடவை படியிலிருந்து குனிந்து நேராகப் பேசினார்.

"பெயிண்ட் அடிக்கணும்மா. ரெண்டு வாரம் மெஷினை எடுத்துட்டுப் போயிட்டு வா."

போனாள். வந்தபோது படிக்குக் கீழே பளபளவென்று பலகைச் சுவர், அதில் 'பழுது பார்க்கும் பிரிவு' என்று பெரிய எழுத்து. உள்ளே புது மெஷினில் புது ஆள் உட்கார்ந்திருந்தான். அதைக்கூட அவள் செரித்திருப்பாள். அவளைக் கேட்டு வந்தவர்களிடம் கல்லாவில் நின்று அந்த மனுஷன் சொன்னதுதான் செரிக்கவில்லை.

"அந்தம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ஊசி கோக்கவே முடியறதில்ல. பாவம்."

இடம் போனதைவிட, வாடிக்கை போனதைவிட, அந்தப் 'பாவம்' அவளை அதிகம் சுட்டது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்த்தார்கள். பஸ்ஸில் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். தெரிந்தவர் வீட்டில் தம்ளரைப் பாதிதான் நிரப்பிக் கொடுத்தார்கள். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒருத்தியிடம் நீட்டிக் காட்டப்போய், ஆத்திரத்தில் அது உண்மையாகவே நடுங்கித் தொலைத்தது. அதோடு காட்டுவதையும் விட்டுவிட்டாள். மெஷின் வீட்டு முன்னறைக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பைகள், சொந்தக்காரர்களின் கிழிந்த குடைகள் என்று வருஷங்கள் ஓடின. பெட்டிக்காரர் வியாபாரத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு இப்போது ஊருக்கு உபகாரம் பண்ணக் கிளம்பிவிட்டார்.

"நான் போறேன்," என்றாள் ஜிப்பக்கா.

"யோசனை கேக்கவா?"

"நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்க."

நூலகத்து மாடியில் தொண்டை கட்டியே பிறந்தவள் போல ஒரு பொறுப்பாளர் இருந்தாள். உட்காரவைத்து, என்னென்ன கிடைக்கும் என்று கரகரத்த குரலில் அடுக்கினாள். வியாழக்கிழமை தோறும் ஆலோசனை, இலவசம். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதப் பழக்கும் வகுப்பும் இலவசம். மாதம் ஒரு காலை வக்கீல் வருவார். செய்த பொருளைப் படம் பிடிக்க வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்ட ஒரு மூலை. பெரிய மெஷின் தேவையென்றால் சின்ன வாடகைக்கு நாள் கணக்கில் தருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நகராட்சிச் சந்தைக் கட்டடத்தில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஒதுக்கிய கடைகள். முதல் வருஷம் வாடகை பேருக்குத்தான்.

"அது எல்லாருக்கும் கிடைக்காதும்மா. ஆலோசகர் உங்க வேலையைப் பாத்து, குடுக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஒரு வார்த்தை," என்றாள் ஜிப்பக்கா. "அவர் சொன்னா ஊரே கேக்குமே."

பொறுப்பாளர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

பெட்டிக்காரர் மூக்குக்கண்ணாடியும் நரைத்த புருவமுமாகக் கொஞ்சம் சுருங்கியிருந்தார். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல் தடவையா வர்றீங்களா?"

தொண்டைக்குழி வரை வந்திருந்த நாலு வார்த்தையும் அங்கேயே நின்றன. நடிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தன் தொழிலை வேரோடு பிடுங்கிப் போட்டவனுக்குத் தன் முகம்கூட ஞாபகமில்லை என்றால், அவனைத் திட்டித்தான் என்ன ஆகப்போகிறது? யாரோ ஒரு பைத்தியம் கத்திவிட்டுப் போனது என்பார். தன் நிஜப்பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா சார். முதல் தடவைதான்."

அன்று அவள் ஒன்று முடிவு செய்தாள். இந்த ஆளுக்குத் தன்னைத் தெரியாதவரை தனக்குத்தான் வசதி. முதலில் அவருடைய நேரத்தைத் தின்பது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வது.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். போர்டு பச்சையில் எழுதுவதா நீலத்தில் எழுதுவதா என்று ஒரு வாரம் முழுக்கக் கேட்டாள். 'பை' என்பதா 'பேக்' என்பதா என்று இன்னொரு வாரம். வேண்டுமென்றே ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி, நேரிலும் கேட்டாள், அவர் கொடுத்திருந்த செல் நம்பரிலும் கேட்டாள். அவர் கோபப்பட்டால் தனக்கு வெற்றி என்று வைத்திருந்தாள். மனுஷன் படவில்லை. அதோடு விடாமல் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தாள், படம் பிடிக்கும் மூலையில் தான் தைத்த பைகளைக் குவித்தாள், வக்கீலைக்கூட விட்டுவைக்கவில்லை. 'இலவசம்' என்று எழுதியிருந்த எல்லாவற்றையும், எதிரி வீட்டுக் களஞ்சியத்தைக் காலி பண்ணுகிற மாதிரி வாரிக்கொண்டாள்.

அவளுடைய வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. பெட்டிக்காரர் சொன்னதெல்லாம் பலித்தது.

"பையை வாங்கும்போதே என்னிக்கு ரெடியாகும்னு அட்டையில எழுதி அதுலயே கட்டிடுங்கம்மா. போன் பண்ணிக் கேக்கறது பாதியா குறையும்."

இது என்ன உளறல் என்று காட்டுவதற்காகவே கட்டிப்பார்த்தாள். குறைந்தது. அந்தக் கடுப்பில் ஒரு கைப்பிடியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள்.

"இவ்வளவு தெரிஞ்சவர்தான் எனக்கு அப்படிப் பண்ணாரு," என்றாள் தங்கையிடம், தைத்ததைப் பிரித்தபடி. "தெரியாம பண்ணியிருந்தா முட்டாள்னு விட்டுடலாம்."

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கடை கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காத," என்றாள் தங்கை. அவள் இப்போது அக்காவோடு சேர்ந்து பைகளுக்கு உள்துணி தைக்கிறாள்; அவள் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. "பஸ் நிக்கற வாசலுக்குப் பக்கத்துல மூலைக்கடை. போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். நம்ம ரெண்டு மெஷினும் அளவெடுத்த மாதிரி உக்காரும். அந்தாள் வாயால கடை வாங்கிட்டு, அப்புறம் உக்காந்து ஆசை தீரத் திட்டு. நானும் கூட வந்து திட்டறேன்."

"கடை குடுத்துட்டார்னா அப்புறம் எப்படிடி திட்டறது? நன்றி கெட்டவளும்பாங்க. ஏற்கனவே கை நடுக்கம். இப்ப புத்தியும் கெட்டுப்போச்சும்பாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். கடையில உக்காந்துக்கிட்டுக் கேட்டுக்கலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. கடை ஒதுக்கும் வியாழக்கிழமை இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். தங்கை அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். "வாயை ஜிப் போட்டுக்கோ," என்று சொல்லித்தான் அக்காவை உள்ளே அனுப்பினாள்.

பெட்டிக்காரர் அவள் தைத்த பயணப் பை ஒன்றை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலைத் தையலைக் கட்டைவிரலால் தடவினார். முன்னும் பின்னும் ஜிப்பை இழுத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இப்படி ஒரு கை எனக்குக் கிடைச்சிருந்தா, அந்தக் காலத்துல விட்டிருக்கவே மாட்டேன். இவ்வளவு தெரிஞ்சவங்க ஏன் இத்தனை வருஷம் வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடந்தீங்க?"

ஜிப்பக்கா பல்லைக் கடித்தாள். வராந்தாவில் தங்கை இருமுவது கேட்டது. ஒன்றுமில்லை சார், குடும்பம், பிள்ளைகள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது.

"ஒருத்தர் இடத்துல வேலை பாத்தேன் சார்."

சொன்னாள். பயணப்பெட்டிக் கடையைச் செருப்புக்கடை ஆக்கினாள், மாடிப்படியைப் பின்கட்டு ஆக்கினாள். பெயிண்டையும் கை நடுக்கத்தையும் மட்டும் அப்படியே வைத்தாள். இதோ இந்த இடத்தில் முகம் மாறும், இதோ இங்கே என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். முகம் மாறத்தான் செய்தது. கோபத்தில் சிவந்தது.

"என்ன ஆளும்மா அவன்? இடத்தை எடுத்துக்கறது வியாபாரம். கேவலம்தான், ஆனா நடக்கும். கையைப் பத்திச் சொன்னான் பாருங்க, அது கழுத்தறுப்பு."

"அப்படிச் சொல்லலாமா சார்? பெரிய மனுஷர்."

"பெரிய மனுஷனா? அயோக்கியன். அவனை மாதிரி ஆளுங்களாலதான் எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு." மேசையைத் தட்டினார். "நீங்க இந்தக் கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி அவன் வந்து, நான் சொன்னது பொய்யின்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். இல்லைன்னா பழைய வாடிக்கை எப்படி வரும்?"

"சொல்லுவாருங்களா?"

"நான் சொல்ல வைக்கிறேன். எனக்கு இந்தக் கடைவீதியில தெரியாத ஆளே இல்ல."

அப்போதுதான் பொறுப்பாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "சார், அந்த மூலைக்கடை. நகராட்சியிலேருந்து கேக்கறாங்க. இவங்களுக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கறதுதாம்மா. இதோ நானே வந்து பேசறேன். அதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடறேன்." ஜிப்பக்காவின் பக்கம் திரும்பினார். "அவன் நம்பர் இருக்கா?"

பொறுப்பாளரின் தோளுக்குப் பின்னால் தங்கையின் முகம் தெரிந்தது. அக்காவைப் பார்த்து, தெரியாதவர்களுக்குத் தெரியாதபடி தலையை இட வலமாக ஆட்டினாள். இல்லை என்று சொல். ஒரே சொல். கடை உன்னுது.

ஜிப்பக்கா பயணப் பையைப் பார்த்தாள். அது இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. அவர் விரல் அவள் தையல் மேலேயே இருந்தது. இத்தனை நாளாய் இந்த ஆளை எப்படியெல்லாம் மூக்கறுக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தாளோ, அதில் ஒன்றுகூட இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

"இருக்கு சார். மனப்பாடம். நானே போடறேன்."

மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நம்பர்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கடைசி எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

பெட்டிக்காரரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"ஒரு நிமிஷம்மா, எனக்குத்தான் யாரோ." போனை வெளியே எடுத்து, கண்ணாடியை மூக்கில் தூக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். "என்ன இது, நம்ம ஆபீஸ் நம்பர்லேருந்தே..."

மறுபடியும் திரையைப் பார்த்தார். அவள் காதிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். பிறகு, அத்தனை வியாழக்கிழமைகளில் ஒரு தடவைகூடப் பார்க்காத மாதிரி, அவளுடைய முகத்தை மோவாயிலிருந்து வகிடு வரைக்கும் மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனார். மடியிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

"சார், போன் அடிக்குது, எடுங்க," என்றாள் பொறுப்பாளர், ஒன்றும் புரியாமல்.

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். அளவு நாடா அவிழ்ந்து தரையில் தொங்கியது.

ஜிப்பக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மணி போகுது சார்," என்றாள். "இன்னும் எடுக்கலை."