துருவிலிருந்து அக்கா மீட்ட பிக்கப்

எங்கள் அக்கா எங்களைவிட்டுச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான் எழுதப் போகிறேன் என்றதும் அக்காவின் மகள் செல்வி, "மாமா, அழுவுறாப்ல எழுதாதீங்க. வண்டி கதைய எழுதுங்க" என்றாள். நான் ஆலங்காயத்தில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவன். நசுங்கிய தகட்டை நிமிர்த்தத் தெரியுமே தவிர, எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது.

அக்கா ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு மேற்கே எங்கள் சிற்றூரில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. எட்டாவதோடு அவர் படிப்பு நின்றது. சாமை விளையாத இரண்டு வருடம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். சித்தாளாகப் போனவர், கொத்தனார் நூல் பிடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, மூலைமட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். பிறகு மச்சானை மணந்தார். கொஞ்சம் நிலம், புளியமரங்கள், ஆடுகள், ஒரே மகள். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் அடுப்பு மூட்டுவார். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். இரண்டுமே உங்களுக்குத் தெரியும்.

திருமணமான புதிதில் மச்சான் ஒரு பிக்கப் வாங்கினார். அப்போதே அது பழைய மாடல். உருண்டை விளக்கு, நீண்ட மூக்கு, கெட்டித் தகடு. பல வருடம் உழைத்த பிறகு ஒரு மழைக்காலத்தில் ஓட்டுநர் காலடித் தகடு துருப்பிடித்துக் கழன்று ரோட்டில் விழுந்தது. வண்டியை ஆட்டுக்கொட்டகை ஓரம் நிறுத்தினார்கள். அங்கேயே பதினோரு வருடம் நின்றது.

ஐந்து வருடம் முன்பு, கொட்டை எடுத்துத் தட்டி வைத்த புளி கீழே போக வாடகை வண்டிக்குக் காத்திருந்தது. வண்டி வருவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. மழையில் மலையேற மாட்டேன் என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். அக்காவுடையது மட்டுமல்ல, ஏழு வீட்டுப் புளி நனைந்து கறுத்தது. மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது.

"டேய் தம்பி, வெல்டிங் மிஷின எடுத்துக்கினு மேல வா."

"இன்னாத்துக்குக்கா?"

"நம்ம வண்டி சும்மாதான நிக்குது!"

போய்ப் பார்த்தேன். கதவில் கை வைத்தால் விரல் உள்ளே போனது. ஆட்டு மூத்திரம் பட்டுப் பட்டுப் பின்பக்கம் சல்லடையாகி இருந்தது. சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "எடைக்குப் போட்டுட்லாம்க்கா" என்றேன். மச்சானும் தலையாட்டினார்.

"ஊரான் வண்டியெல்லாம் சரி பண்ற. அக்கா வண்டின்னா எடைக்குப் போடுவியா?" என்றார் அக்கா.

ஞாயிறுதோறும் மலையேறினேன். முதல் வேலை, பாடியை அடிச்சட்டமான சேஸிலிருந்து பிரிப்பது. போல்ட்டெல்லாம் துருவில் இறுகிக் கல்லாகிவிட்டன. ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தோம். புளியமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி, பதினான்கு பேர் சுற்றி நின்று பிடிக்க, பாடி தரையைவிட்டு எழும்பியது. கீழே சேஸ் எலும்புக்கூடாக நின்றது. ஊரே கைதட்டியது. அக்கா துள்ளிக் குதித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். வேலை நீண்டுகொண்டே போகிறதே என்று, கதவின் கீழ்ப்பக்கத்துத் துருவை அப்படியே விட்டு, மேலே பட்டி பூசித் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கிவிட்டேன். அக்கா தடவிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு குத்து. அது அந்தப் பக்கம் வந்தது.

"பட்டி பூசுனா பாக்கத்தான் நல்லா இருக்கும். நான் இதுல ஊர்ச் சரக்க ஏத்தணும்டா."

முப்பது வருடம் டிங்கர் வேலை பார்த்தவன், தலைகுனிந்து நின்றேன். கதவின் அடித்தகடு முழுவதையும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தேன்.

சேஸில் பின்சக்கரத்துக்கு மேலே விரிசல். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அக்காதான், விரிசலுக்கு இருபக்கமும் இரும்பு அப்பளமாக உதிர்வதைக் கண்டுபிடித்தார். ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டினோம். அதே கனத்தில் புது இரும்பு வைத்து, நான்கு இடத்தில் மட்டும் பொட்டு வைத்ததுபோல் வெல்டிங் பிடித்தேன். முழுதும் வெல்டிங் ஓட்டிவிடலாம் என்று முகமூடியை இறக்கியபோது, "நில்லு" என்றார்.

நூலை எடுத்து முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்குப் பிடித்தார். பிறகு முன் வலதிலிருந்து பின் இடதுக்கு. இரண்டும் ஒத்துவரவில்லை. ஒரு விரற்கடை வித்தியாசம்.

"கோணலா இருக்குது. வூட்டுக்கு அஸ்திவாரம் போட்டா இப்படி வுடுவாங்களா?"

"ஒரு வெரல்தானக்கா!"

"எறக்கத்துல லோடோட போறப்ப அந்த ஒரு வெரல் எங்க இழுக்கும்னு நீ சொல்லு."

பொட்டுகளை அறுத்தேன். ஜாக்கி வைத்து நகர்த்தினோம். நூல் பிடித்தோம். மறுபடி அறுத்தோம். நான்காவது முறை இரண்டு அளவும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக நின்றபோது, மச்சானே "அட்றா சக்கை!" என்று கத்திவிட்டார்.

வண்டி துண்டு துண்டாகக் கிடந்தபோதே அக்கா ஆலங்காயம் வந்து டிரைவிங் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இன்ஜினை மெக்கானிக் ரஹீம் பாய் பிரித்துச் சேர்த்தார். பாடிக்கு அடர்நீலம் அடித்தேன்.

எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோனோம். தகுதிச் சான்று தராவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். ஆய்வாளர் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்தார். சேஸை நெடுகத் தட்டினார். வெளியே வரவே இல்லை. கடைசியாக எழுந்து, "ஒட்டு போட்டது யாரு?" என்றார்.

"தம்பிதாங்க போட்டான். அளவு நான் பாத்தேங்க" என்றார் அக்கா.

அவர் அக்காவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அக்கா டீ சொல்லப் போய்விட்டார்!

முதல் லோடு ஏழு வீட்டுச் சாமை. அக்கா ஸ்டீயரிங்கில், பக்கத்தில் செல்வி, மூட்டைகளுக்கு முன்னால் கம்பியைப் பிடித்தபடி நானும் மச்சானும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அக்கா நீளமாக ஹாரன் அடித்தார். எதிரில் வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாங்கம்மா, புது வண்டியா?" என்று கேட்டார். "ஆமாங்க!" என்று கத்தினோம் நாங்கள் நால்வரும்.

மூன்று வருடம் அக்கா அந்த வண்டியை ஓட்டினார். சாமை போனது, புளி போனது, பிரசவத்துக்குப் பெண்கள் போனார்கள், அக்காவின் வண்டியில் போகாத மணப்பெண் ஊரில் இல்லை. பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் படுக்கையில் இருந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கதவுக்கடியில தண்ணி போற ஓட்டை அடைச்சிக்கிச்சான்னு பாரு. மழை வர்றதுக்குள்ள பாரு" என்றார். அன்றே மலையேறிப் பார்த்தேன். அடைத்துத்தான் இருந்தது. குத்திவிட்டேன் என்று போனில் சொன்னதும் சிரித்தார். மூன்றாம் நாள் காலமானார்.

வண்டியின் பாடியைத் தூக்க வந்த பதினான்கு பேருக்கும், இன்ஜினுக்கு உயிர் கொடுத்த ரஹீம் பாய்க்கும், ஐந்து வாரமும் மாறி மாறி அக்காவின் அருகிலிருந்த ஏழு வீட்டுப் பெண்களுக்கும், அவரைத் தன் தாய்போல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

இன்று வந்திருக்கும் உறவினரும் நண்பர்களும் சாப்பிட்டுவிட்டு அவசரமின்றிப் புறப்படலாம். மூன்று மணிக்கு செல்வி ஆலங்காயத்துக்கு வண்டி எடுக்கிறாள். முன்சீட்டு வயதானவர்களுக்கு. மற்றவர்கள் பின்னால் ஏறிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும். அவளும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பாள்.