பீப்பாயில் அடித்த ஆணி

புதுக்கோட்டைச் சந்தை கலைந்தபின் கிடக்கிற வாழைமட்டை, சொத்தைக் கத்தரி, எச்சில் இலை எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் அள்ளிப்போய் ஊருக்கு வெளியே பள்ளத்தில் கொட்டுவதுதான் வல்லத்திராக்கோட்டை ஆண்டிச்சாமியின் பிழைப்பு. மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தின்மேல் நீலமாய் ஒரு சுடர் மினுக்கும். கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊரே ஒதுங்கிப் போகும். ஆண்டிச்சாமி சிரிப்பான். பம்பாயில் கூலிக்கு இருந்தபோது, கழிவுத் தொட்டியிலிருந்து குழாய் போட்டு விளக்கெரித்ததைப் பார்த்தவன். அழுகினால் வாயு வரும், வாயு எரியும். பிசாசு அவ்வளவுதான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. மனைவி உண்ணாமலை ஈரச் சுள்ளியை ஊதி ஊதியே ஒரு கண்ணைப் புகைக்குக் கொடுத்துவிட்டாள். மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. அந்த ஒற்றைக் கண்ணுக்காகத்தான் அவன் கொல்லையில் குழி வெட்டினான். சாணியையும் சந்தைக் குப்பையையும் கரைத்து ஊற்றி, ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார்ப் பீப்பாயை அதில் கவிழ்த்தான். பீப்பாய்த் தலையிலிருந்து அடுப்புக்குக் குழாய் இழுத்தான். ஒரு மாதத்தில் பீப்பாய் தானாக எழும்பி நின்றது. அடுப்பில் நீலச் சுடர். ஐந்து நாள் உண்ணாமலை கண்ணைக் கசக்காமல் களி கிண்டினாள்.

ஆறாம் நாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு ராக்காயி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, கொள்ளிவாய்ப் பிசாச அடச்சு வச்சுச் சோறாக்குறியாமே? உப்புக் காரமெல்லாம் அதுவே பாத்துக்கிருமா?"

மறுநாள் அவன் வண்டி கட்டிப் போயிருந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது பீப்பாய் அமுங்கிக் கிடந்தது. அதன் தலையில் சாண் நீள ஆணி. ஆணியைச் சுற்றி உண்ணாமலையின் தலைமுடி. புளியமரத்தில் பேயை அடித்துக் கட்டுகிற அதே கட்டு.

"கட்டியாச்சப்பு," என்றார், பயந்துபோன உண்ணாமலை கூட்டிவந்திருந்த வெள்ளைச்சாமிப் பூசாரி. "எந்திரிச்சு நின்னது எப்புடி அடங்கிருச்சு பாத்தியா? புஸ்ஸுன்னு சீறுச்சு, நாலு பேரு பாத்தாங்க."

"ஓட்டையப் போட்டா புஸ்ஸுன்னுதான்யா போகும். ஒம்ம வயித்துல அடிச்சாலும் போகும்."

பூசாரி முறைத்துக்கொண்டு போனார். ஆண்டிச்சாமி பீப்பாய் விளிம்பில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டிச் சூடு காட்டினான். ஆணியைப் பிடுங்கி ஓட்டையில் அப்பினால் தீர்ந்தது. உண்ணாமலை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏங்க, அதுல என் முடியச் சுத்தியிருக்கு. ஆணியப் புடுங்குனா அது எம்மேலதான் ஏறுமாம்."

"ஒன் கண்ணுக்காகத்தானடி செஞ்சேன்."

"கண்ணு போனாப் போகுது. ஆணியத் தொட்டீங்க, கெணத்துல விழுந்துருவேன்."

அவள் வெறும் பேச்சுப் பேசுகிறவள் அல்ல. அவன் தாரைத் தூக்கி எறிந்தான்.

இரண்டு வருஷத்தில் மற்றக் கண்ணும் போயிற்று. கையால் தடவித் தடவி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஒரு மழைநாளில் கேட்டாள்:

"அங்கிட்டுப் பள்ளத்துல இன்னும் எரியுதாங்க?"

"எரியுது," என்றான். "சும்மா."