மஞ்சள் முகமும் ஒரு முகம்தான்

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட். லைனுக்குள் நுழைகிற இடத்தில் நின்றிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் பிரபு சாரின் கை நீண்டது. மகேஸ்வரி அக்கா பெயருக்கு நேராக இருந்த மஞ்சள் முகத்தைப் பிடுங்கியது. அங்கே பச்சை முகத்தை ஒட்டியது. அவ்வளவுதான்... அவர் போய்விட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த வாரப் பத்தி அந்த நொடியில்தான் பிறந்தது.

விளக்குகிறேன். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிறவள் நான் – இது புதிதாகப் படிப்பவர்களுக்கு. அங்கே ஒரு மூட் போர்டு உண்டு. எங்கள் பாஷையில் மூஞ்சி போர்டு. லைனில் வேலை செய்கிற எல்லோர் பெயரும் இருக்கும். பக்கத்தில் காந்தம் வைத்த வட்ட முகங்கள். பச்சை சிரிக்கும், மஞ்சள் உம்மென்று இருக்கும், சிவப்பு அழும். உள்ளே போகுமுன் அன்றைய மனநிலையை நாமே ஒட்ட வேண்டும்.

நல்ல யோசனைதான். ஆனால் நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த போர்டு ஒரே பச்சை! காய்ச்சலோடு வந்தவரும் பச்சை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவரும் பச்சை. மஞ்சள் வைத்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அடுத்த ஓவர்டைம் கிடைக்காது... எதற்கு வம்பு?

அப்புறம் அக்கா மட்டும் ஏன் வைத்தார்?

காரணம், முந்தின நாள் நடந்த ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வகுப்பு. சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். இனிமையானவர். "தினமும் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் நடங்க" என்றார்.

"அஞ்சு மணிக்கு நாங்க கம்பெனி பஸ்ல கீறோம் மேடம். பஸ்ஸுக்குள்ளயே நடக்கட்டுமா?" – பின்வரிசையிலிருந்து மகேஸ்வரி அக்காதான். ஹாலே சிரித்தது.

மேடமும் சிரித்தார். "சரி, மனசுல இருக்கறத மறைக்காதீங்க. போர்டுல உண்மைய வைங்க" என்றார். அக்கா அதை நம்பிவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு!

டீ பிரேக்கில் அக்காவைப் பிடித்தேன். "இன்னாக்கா ஆச்சு?"

"வேல லேட்டானா லைன் மணி அடிக்குதில்ல, அதக் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிது நித்யா. கை நடுங்குது. கிளிப் மாட்ட முடியல. நைட் ஷிஃப்ட் வாரத்துல வூட்டுக்குப் போனா பகல்ல தூக்கமும் வரல."

"டாக்டராண்ட போலாமில்ல?"

"போயி? அடுத்த மாசம் பர்மனென்ட் பண்ற நேரம். இவளுக்கு மண்ட சரியில்லன்னு ஒருத்தன் சொன்னா போதும், என் பேர எடுத்துடுவானுங்க."

"அப்புறம் ஏன் மஞ்சள் வச்சீங்க?"

அக்கா டீ கப்பையே பார்த்தார். "நம்ம வாயால சொல்லாம, யாராச்சும் வந்து கேப்பாங்களான்னு பாத்தேன்."

நேராக பிரபு சாரிடம் போய், அக்கா வைத்த முகத்தை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்கு கஸ்டமர் விசிட்மா. போர்டுல மஞ்ச இருந்தா என்னத்தான் கேப்பாங்க."

"நீங்க அவங்கள கேட்டீங்களா சார்?"

"டார்கெட்ட பாப்பனா, ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாப்பனா? போம்மா, வேலைய பாரு."

ஸ்ட்ரெஸ் என்றாலே நமக்குத்தான் ஏன் எல்லோரும் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்? மூச்சை இழு, விடு, நட, தண்ணீர் குடி... எல்லாம் செய்கிறேன். நல்லதுதான். ஆனால் என் மூச்சை நான் பார்த்துக்கொள்வேன். மணியை யார் பார்ப்பது? சிரிப்பு வராத நாளில் சிரிக்காமல் இருப்பதும் மனநலம்தான் ஐயா!

அன்று ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஆரம்பித்தேன். "நாளைக்கு எல்லாரும் மஞ்சள் வைக்கணும்." அக்கா பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் மஞ்சள் என்றால் யாரைத் தனியாகப் பிடிப்பார்கள்?

"கல்யாணத்துக்கா போறோம், கலர் மேட்ச் பண்ண?" என்றாள் பக்கத்து சீட் ரேவதி. சுங்குவார்சத்திரம் ஸ்டாப்பில் இறங்கும்போது அவளே திரும்பி, "மஞ்ச காந்தம் அத்தன இருக்காதுடி. தரையில ஒட்டுற டேப் கீது, எடுத்தாறேன்" என்றாள்.

புதன்கிழமை. காந்தம் தீர்ந்தது, டேப் வந்தது. பச்சை முகங்கள் மேலேயே மஞ்சள் டேப்! போர்டு சாமந்தித் தோட்டமாகிவிட்டது. பிரபு சார் பிய்க்க ஆரம்பிப்பதற்குள் விசிட்டர்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் போர்டு முன்னால் நின்றேவிட்டார். பிளான்ட் மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். "என்ன இது? யாராவது சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல்.

"எனக்குத் தூக்கம் இல்ல சார். மணி அடிச்சா கை நடுங்குது. அப்ப அஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வர, என் எடத்துல நிக்க ஒரு ஆள் வேணும். வேல வேணாம்னு சொல்லல. வேல செய்யத்தான் கேக்கறேன்."

மகேஸ்வரி அக்கா. குரலும் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை.

அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் நடுங்குகிறது என்று!

மறுநாளே லைனுக்கு ஒரு மாற்று ஆள் வந்தாயிற்று. அக்கா டாக்டரைப் பார்த்தாயிற்று. இப்போதைக்கு நைட் ஷிஃப்ட் இல்லை. பர்மனென்ட்? இன்னும் தெரியாது. பயம் போகவில்லை என்கிறார். பத்தியில் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "என் பேரயே போடு. சொன்னது நான்தான?" என்றார்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் பிரபு சார் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "நானுந்தான் தூங்கறதில்ல. என்னை யாரு கேக்கறாங்க?" என்று சாம்பாரிடம் சொன்னார்.

அவர் எழுந்து போனதும் அக்கா என்னை இடித்தார். "ஏண்டி, அவுரு பேரு ஏன் போர்டுல இல்ல?"

நியாயமான கேள்வி. திங்கட்கிழமை போர்டில் முதல் வரியாக பிரபு சார் பெயரை எழுதப்போகிறேன். அதற்கு மேலே பிளான்ட் மேனேஜர் பெயர். முகங்களை அவர்கள் கையில் கொடுப்போம்.

ஒட்ட மாட்டோம் என்று அவர்கள் சொன்னால்? அன்றைக்கு எங்கள் பெயர்களுக்குப் பக்கத்திலும் முகம் இருக்காது!